கற்பித்தல் நன்றாக நடக்கிறதா என்று யாரிடம் கேட்பது? மட்டக்களப்பு, அம்பாறை ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்கும் காலம் வந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விடயத்தைப் பற்றியதாக இருக்கும். உயர்கல்வியில் கற்பித்தலின் விளைதிறன் குறித்துச் சம்பந்தப்பட்ட தரப்பினர் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராயப்போகிறார்களாம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும். தலைப்பு லேசானது என்ற நினைப்புத்தான் காரணம். ஒரு வினாக்கொத்து, இருநூறு பிரதி, ஒரு கிழமை அலைச்சல், பிறகு கணினியில் நாலு அட்டவணை. மாணவர் பின்னூட்டப் படிவங்களைப் பல ஆண்டுகள் பிரித்துப் படித்துத் தொகுத்தவன் நான். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட எழுதிவைத்துவிடுவது நல்லது என்று பட்டது.

விளைதிறன், வினைத்திறன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதல் பக்கத்திலேயே பலர் சறுக்கும் இடம் இது. வினைத்திறன் என்பது கையிலுள்ள நேரத்தையும் பணத்தையும் வீணாக்காமல் வேலையை முடிப்பது. விளைதிறன் என்பது எதற்காக அந்த வேலையைத் தொடங்கினோமோ அது கைகூடியதா என்பது. பன்னிரண்டு அலகுகளையும் பதினைந்து வாரத்துக்குள் முடித்துவிட்ட விரிவுரையாளர் வினைத்திறன் மிக்கவர். அந்தப் பன்னிரண்டில் நாலு அலகாவது மாணவருக்குள் இறங்கியதா என்பது வேறு கணக்கு. வேளாண்மை செய்யும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் பத்து ஏக்கர் விதைத்து முடித்தேன் என்பது ஒரு பெருமை. அறுவடையில் எத்தனை மூடை ஏறியது என்றுதான் ஊர் கேட்கும்.

Stakeholder என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பங்குதாரர்' என்று எழுதலாமா?

எழுதினால் கம்பனியில் பங்கு வாங்கியவர்தான் நினைவுக்கு வருவார். 'அக்கறையுடையோர்' அல்லது 'சம்பந்தப்பட்ட தரப்பினர்' என்று எழுதுங்கள். இந்தக் கருத்தை முகாமைத்துவத் துறையில் பரவச் செய்தவர் எட்வர்ட் ஃபிரீமன். ஒரு நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுபவர், அந்த நிறுவனத்தைப் பாதிக்கக்கூடியவர் எல்லோருமே அதில் அக்கறையுடையோர் என்று 1984 இல் அவர் வரையறுத்தார். அதைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தினால் பட்டியல் நீளும். மாணவர், விரிவுரையாளர், ஆய்வுகூட உத்தியோகத்தர், நூலகர், பெற்றோர், பழைய மாணவர், வேலை கொடுப்பவர், நம் பட்டதாரி ஆசிரியராகப் போய் நிற்கும் பாடசாலையின் அதிபர், அங்கே அவரிடம் படிக்கும் பிள்ளைகள். இலவசக் கல்வி உள்ள நாடு என்பதால் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கி வரி செலுத்துபவரும் இதில் சேர்த்திதான்.

எல்லோரையும் ஓர் ஆய்வேட்டுக்குள் அடைக்க முடியாது. இரண்டு, மிஞ்சினால் மூன்று தரப்பை எடுங்கள். எடுத்தவரிடம் அவர் தன் கண்ணால் கண்டதை மட்டும் கேளுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மாணவர் கொடுக்கும் புள்ளி, அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதைக் காட்டுமா?

நூறு ஆண்டுச் சண்டை இது. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹேர்பட் ரெமர்ஸ் 1920களில் விரிவுரையாளரை மாணவர் மதிப்பிடும் படிவமொன்றை உருவாக்கி ஆராயத் தொடங்கினார். நாம் இன்று கொடுக்கும் படிவத்துக்கு அவரைப் பாட்டனார் என்று சொல்லலாம். 1981 இல் பீற்றர் கோஹன், ஒரே பாடத்தைப் பல விரிவுரையாளர்கள் பல பிரிவுகளுக்குக் கற்பித்துப் பொதுவான பரீட்சை வைத்த ஆய்வுகளைத் திரட்டினார். மாணவர் கொடுத்த புள்ளிக்கும் பரீட்சைப் பேறுக்கும் இடையில் 0.43 அளவில் இணைபு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) இருப்பதாகக் கண்டார். படிவத்தின் பக்கம் நின்றவர்கள் அதை முப்பது ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்தார்கள். 2017 இல் பொப் உட்டில் குழுவினர் அதே வகை ஆய்வுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சிறிய மாதிரிகள்தான் அந்த எண்ணைத் தூக்கிவிட்டிருந்தன, அதைச் சரிசெய்தால் இணைபு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது என்றார்கள்.

எனக்கு இவற்றைவிடப் பயன்பட்டவை வேறு இரண்டு. முதலாவது அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் நடந்தது. 2010 இல் வெளிவந்தது. அங்கே எந்த மாணவர் எந்த விரிவுரையாளரிடம் போவது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும். ஆகவே நல்ல மாணவர் நல்ல பெயருள்ளவரைத் தேடிப் போனார்கள் என்ற சாட்டுக்கு இடமில்லை. அந்தப் பாடத்தில் மாணவருக்கு உயர்ந்த பேறு வாங்கிக் கொடுத்து, தாமும் நல்ல மதிப்பீடு வாங்கியவர்களின் மாணவர்கள், அதற்கு அடுத்த நிலைப் பாடத்தில் சராசரியாகப் பின்தங்கினார்கள். கஷ்டப்படுத்திக் கற்பித்தவரின் மாணவர்கள் முந்தினார்கள்.

இரண்டாவது 2019 இல் ஹாவர்ட் பௌதிகவியல் வகுப்பில் நடந்தது. ஒரே பாடப்பகுதியை ஒரு குழு மெருகான விரிவுரையாகக் கேட்டது. இன்னொரு குழு தானே கணக்குப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு தர்க்கித்துப் படித்தது. பரீட்சையில் இரண்டாவது குழு கூடுதலாகப் பெற்றது. ஆனால் 'எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்' என்று கேட்டபோது முதல் குழுதான் கூடுதலாகச் சொன்னது. மூளை சிரமப்படும்போது 'எனக்கு விளங்கவில்லை' என்று தோன்றிவிடுகிறது. வழுக்கிக்கொண்டு போகும் விரிவுரை, விளங்கிவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. உயர்தர வகுப்பில் 'எல்லாம் நோட்ஸில் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் டியூட்டரிகளில் பழகி வந்த நம் பிள்ளைகளுக்கு இந்த மயக்கம் இன்னும் கூடுதலாக இருக்கும் என்பது என் ஊகம். ஆராய்ந்து பார்க்கத்தக்க ஊகம்.

டொக்டர் பொக்ஸ் என்பவர் யார்? எல்லா ஆய்விலும் வருகிறாரே.

நடிகர். 1970 இல், மருத்துவம் சார்ந்த கல்வியாளர்கள் கூடியிருந்த அவையில் மைக்கேல் பொக்ஸ் என்ற நடிகரை 'டொக்டர் மைரன் பொக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் 'விளையாட்டுக் கோட்பாடு' என்ற கணிதக் கிளையின் பயன்பாடு பற்றிப் பேசவைத்தார்கள். அவருக்கு விடயம் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, ஆனால் உற்சாகமாக, நகைச்சுவையோடு பேசினார். கேட்டவர்கள் மகிழ்ந்து நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். 1973 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கேட்டவர்களும் படித்தவர்கள்தான் என்பதை மறந்துவிட்டு 'மாணவருக்கு என்ன தெரியும்' என்று சிரிக்கும் விரிவுரையாளர்களுக்காகவே இதை அடிக்கடி சொல்வேன்.

அப்படியானால் மாணவரைக் கேட்கவே வேண்டாமா?

கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். விரிவுரையாளருக்குப் பாடத்தில் ஆழமான அறிவு உண்டா என்று முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்கிறோம். பாடமே அவருக்குப் புதிது; எதைக் கொண்டு அளப்பார்? நேரத்துக்கு வந்தாரா, கரும்பலகை எழுத்துத் தெரிந்ததா, ஒப்படையைத் திருத்தித் திருப்பித் தந்தாரா, எத்தனை நாளில் தந்தார், கேள்வி கேட்டவரை மட்டம் தட்டினாரா? இவற்றுக்கு மாணவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒருமுறை ஒரு பாடத்தின் படிவக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 'விளக்கம் தெளிவாக இருந்தது' என்ற வரியில் வகுப்பு இரண்டாகப் பிளந்து நின்றது. ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தை (முழுமையாக உடன்படுகிறேன்) வட்டமிட்டிருந்தார்கள், மீதிப் பேர் இரண்டை (உடன்படவில்லை). சராசரி எடுத்திருந்தால் 'பரவாயில்லை' என்று வந்து கதை முடிந்திருக்கும். அந்த விரிவுரையாளருக்குக் குரல் பயிற்சி வேண்டும் என்று குறிப்பெழுதவும் யாரோ தயாராக இருந்தார்கள். கட்டின் அடியில் கிடந்த ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி: 'கடைசி நாலு வரிசைக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.' போய்ப் பார்த்தேன். பின்பக்கத்து மின்விசிறி ஒன்று கொளுக்கியில் ஆடி ஆடிக் கடகடத்துக்கொண்டிருந்தது. வந்தாறுமூலை வெயிலில் அதை நிறுத்திவைக்கவும் ஆளில்லை. அதிலிருந்து, எந்தப் படிவத்திலும் 'எந்த வரிசையில் அமர்வீர்கள்' என்று கேட்கச் சொல்கிறேன்.

படிவத்தை எப்போது கொடுப்பது?

கடைசி விரிவுரையன்று கொடுக்காதீர்கள். அன்று பரீட்சைக்கு என்ன வரும் என்று அறியும் ஆவலில் மண்டபம் நிரம்பி வழியும். படிவத்தின் மேல் ஒருவருக்கும் கண் போகாது. மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் ஐந்து ஐந்தாக வட்டமிட்டுத் தந்துவிட்டு ஓடுவார்கள். ஆறாவது அல்லது ஏழாவது வாரத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: எது உதவுகிறது, எது தடுக்கிறது, அடுத்த வாரம் எதை மாற்றலாம். பதில் எழுதுபவருக்கே அதன் பலன் கிடைக்கும் என்பதால் அக்கறையோடு எழுதுவார்.

விரிவுரையாளர் மண்டபத்தில் நிற்கக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இருபது பேர் உள்ள சிறப்புப் பட்ட வகுப்பில் பெயர் இல்லாத படிவம் என்று ஒன்று கிடையாது. கையெழுத்தைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடலாம். மாணவருக்கும் அது தெரியும். சிறு வகுப்பென்றால் திறந்த கேள்விகளைத் தட்டச்சில் வாங்குங்கள், அல்லது வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் பேசி எழுதிக்கொள்ளட்டும்.

ஐந்து புள்ளி அளவுகோல் போதுமா?

ரென்சிஸ் லைக்கர்ட் 1932 இல் அறிமுகப்படுத்தியது. இன்னும் நிற்கிறது, நிற்கட்டும். குறை அளவுகோலில் இல்லை. 'விரிவுரையாளர் தெளிவாகவும் சுவையாகவும் நேரந்தவறாமலும் கற்பிக்கிறார்' என்று எழுதினால் அது மூன்று கேள்வி. தெளிவாகக் கற்பித்து, அரைமணி பிந்தி வருபவருக்கு எதை வட்டமிடுவது?

'நடுநிலை' என்ற மூன்றாம் எண் இன்னொரு பொறி. தெரியாதவரும் மூன்றைப் போடுவார், கவலைப்படாதவரும் போடுவார், பயந்தவரும் போடுவார். 'எனக்குத் தெரியாது' என்பதற்குத் தனி நிரல் வையுங்கள். பிறகு, 4.12 பெற்றவர் 4.08 பெற்றவரைவிடச் சிறந்தவர் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நாற்பது பேரும் மூன்றைப் போட்டாலும் சராசரி 3. இருபது பேர் ஐந்தும் இருபது பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி 3. இரண்டும் ஒரே வகுப்பா? எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்ற பரம்பலைக் காட்டுங்கள்.

வினாக்கொத்து எந்த மொழியில் இருக்க வேண்டும்?

பதில் சொல்பவர் கனவு காணும் மொழியில். கலைத்துறைப் பாடங்கள் பெரும்பாலும் தமிழில் நடக்கின்றன. விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம் ஆங்கிலத்தில். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் சிங்கள மாணவர்களும் கணிசமாகப் படிக்கிறார்கள். ஆகவே பல சமயம் மூன்று மொழியிலும் தேவைப்படும். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை முதல் மொழிக்கே திருப்பிப் பெயர்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய முறைக்கு ஈடு இல்லை.

அதோடு நிறுத்தாமல் ஏழெட்டுப் பேரிடம் முன்னோடியாகக் கொடுத்து, பக்கத்தில் இருந்து ஏன் அப்படி வட்டமிட்டார்கள் என்று கேளுங்கள். 'விரிவுரையாளர் விமர்சனச் சிந்தனையை ஊக்குவிக்கிறார்' என்ற வரிக்கு ஒரு மாணவி ஒன்றைப் போட்டிருந்தார். ஆனால் அந்த விரிவுரையாளரைப் பற்றி அவர் முகம் மலரத்தான் பேசினார். ஏன் ஒன்று என்று கேட்டேன். 'சேர் ஒருவரையும் குறை சொல்ல மாட்டார்' என்றார். நல்ல மனிதருக்கு நன்றியாகக் கொடுத்த ஒன்று அது! பிறகு அந்த வரியை 'பாடநூல் சொல்வதையும் சரியா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்' என்று மாற்றினோம்.

மாதிரியில் எத்தனை பேர் வேண்டும்?

எல்லோரும் 1970 இல் வெளிவந்த க்ரெஜ்சி, மோர்கன் அட்டவணையைப் பார்த்து எழுதுகிறார்கள். மொத்தம் 100 பேர் என்றால் மாதிரிக்கு 80, 300 பேர் என்றால் 169, 1000 பேர் என்றால் 278. எண்ணில் பிழையில்லை. அந்த அட்டவணை எழுந்தமானமாக, அதாவது குலுக்கல் முறையில், தெரிவுசெய்த மாதிரிக்கு உரியது என்பதைத்தான் மறக்கிறார்கள். அன்று காலை மண்டபத்துக்கு வந்திருந்த 169 பேர் எழுந்தமான மாதிரி அல்லர். வராத பிள்ளை ஏன் வரவில்லை? அவருடைய பதில்தான் உங்கள் ஆய்வுக்கு வேண்டியது. பெயர்ப்பட்டியலிலிருந்து தெரிவு செய்து, விடுதியிலும் சிற்றுண்டிச்சாலையிலும் தேடிப் பிடியுங்கள். மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிக் குருமண்வெளியில் இறங்கித் தினமும் வருபவருக்குக் காலை எட்டுமணி விரிவுரை என்றால் என்ன என்பது, வந்தாறுமூலை விடுதியில் இருப்பவரைக் கேட்டால் தெரியாது.

க்ரொன்பாக் அல்பா 0.7 ஐத் தாண்டிவிட்டது. இனிப் பிரச்சினை இல்லைதானே?

வினாக்கொத்தின் நம்பகத்தன்மைக்கு எல்லோரும் காட்டும் எண் அது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டால் 0.95 கூட வரும்.

கொரோனாக் காலத்தில் எடுத்த தரவு இருக்கிறது. பயன்படுத்தலாமா?

2020, 2021 இல் எடுத்ததா? அதில் பெரும்பகுதி அளந்தது தொலைபேசிக் கோபுரத்தின் தூரத்தை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மரத்தடி தேடி நின்று விரிவுரை கேட்ட பிள்ளை 'கற்பித்தல் தெளிவில்லை' என்று எழுதியதை விரிவுரையாளரின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பெண் விரிவுரையாளர்களுக்குப் புள்ளி குறைவாக வருவதாகச் சொல்கிறார்களே?

2015 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு எளிமையான சோதனை செய்தது. இணையவழிப் பாடம், மாணவர் முகம் காணவில்லை. கற்பித்த ஆணும் பெண்ணும் தலா ஒரு குழுவில் தம் பெயரிலும் இன்னொரு குழுவில் மற்றவரின் பெயரிலும் கற்பித்தார்கள். ஆண் பெயர் இருந்த இடத்தில் மதிப்பீடு உயர்ந்தது. ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்த ஒப்படைக்கும் அப்படித்தான். மாதிரி சிறியது என்ற குறை உண்டு. ஆனால் 2018 இல் கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகத் தகராறொன்றில் நடுவர், நிரந்தர நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கற்பித்தல் விளைதிறனை அளக்க மாணவர் மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு இந்த வகைச் சான்றுகள் கனத்தன. இங்கே ஆய்வு செய்பவர் பாலோடு சேர்த்து வயது, ஊர், மதம், உச்சரிப்பு ஆகியவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'அவருடைய தமிழ் விளங்கவில்லை' என்று எழுதப்படுவது சில சமயம் தமிழைப் பற்றியதாக இருக்காது.

பெற்றோரிடம் எதைக் கேட்பது? அவர்கள் வகுப்புக்குள் வந்ததே இல்லையே.

வரவில்லை என்பதால்தான் கேள்வியை மாற்ற வேண்டும். ஒரு மாணவியோடு படுவான்கரைக் கிராமமொன்றுக்குப் போயிருந்தேன். வயலிலிருந்து வந்த தகப்பனார் கால் கழுவிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். மகன் விவசாயபீடத்தில் மூன்றாம் ஆண்டு. மாணவி படிவத்தை எடுத்து 'விரிவுரையாளர்கள் நவீன கற்பித்தல் உத்திகளைப் பயன்படுத்துகிறார்கள்' என்று வாசித்தார். 'ஐந்தே போடுங்கள் மகள்' என்றார் அவர். அடுத்ததற்கும் ஐந்து. அதற்கடுத்ததற்கும் ஐந்து. ஆறாவது கேள்வியில், 'எல்லாவற்றுக்கும் நல்லதாகவே போடுங்கள். பிள்ளைக்கு ஒரு பாதிப்பு வரக் கூடாது. நான் அந்தக் கம்பஸ் வாசலைக் கண்டதே பெட்டி தூக்கிக்கொண்டு போன முதல் நாள் மட்டும்தான்' என்றார்.

படிவத்தை மடித்து வைக்கச் சொன்னேன். மகன் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வான் என்று கேட்டோம். தேநீர் வந்தது, பேச்சும் வந்தது. முதல் வருடம் முழுவதும் பரீட்சைக்கு முன்னால் போட்டோப் பிரதி எடுக்கக் காசு கேட்பான், வேறொன்றும் தெரியாது. ஆனால் போன வருடம் வந்தவன் வயலில் மூன்று இடத்தில் மண்ணை அள்ளி மூன்று பையில் கட்டிக்கொண்டு போனான். இரண்டு கிழமை கழித்து வந்து, மேட்டுத் துண்டுக்கு யூரியாவைக் குறைக்கச் சொன்னான். 'குறைத்தீர்களா?' 'பாதித் துண்டில் குறைத்தேன். அவன் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டாமா?'

மாணவி எழுதிக்கொண்டே இருந்தார். அவர் போடச் சொன்ன ஐந்துகளில் கிடைக்காதது அந்த மண் பையில் இருந்தது. கற்றதை எடுத்துப் போய்ப் பிரயோகித்த இடமும் காலமும் அதில் உண்டு. எந்தப் பாடம் அவனை அங்கே கொண்டுவந்தது என்று பிறகு மகனையும் கேட்கலாம். தகப்பனே ஒரு கட்டுப்பாட்டுத் துண்டு வைத்துப் பரிசோதனை செய்தார் என்பதை ஆய்வு முறையியல் வகுப்பில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலை கொடுப்பவர்களின் கருத்து?

எங்கள் பக்கத்தில் கலைப் பட்டதாரியைப் பெரும்பாலும் அரசுதான் எடுக்கிறது: ஆசிரியராக, அபிவிருத்தி உத்தியோகத்தராக. கொழும்பு ஆய்வுகளைப் பார்த்து 'தொழில்வழங்குநர் திருப்தி' என்று வினாக்கொத்தை அப்படியே இறக்கினால் பதில் சொல்ல ஆளில்லாமல் நிற்பீர்கள். அதிபர்களையும் பிரதேச செயலகங்களில் மேற்பார்வை செய்பவர்களையும் கேளுங்கள். 'உங்கள் அலுவலகத்துக்கு வந்த பட்டதாரிக்கு முதல் மாதத்தில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது' என்ற ஒரு கேள்வி போதும். கடிதம் எழுத, அட்டவணை போட, கூட்டக் குறிப்பு எடுக்க என்று பதில் வரிசையாக வரும்.

இன்னொரு கூட்டமும் உண்டு, வேலை கிடைக்காதவர்கள். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தொழில்வழங்குநரைக் கேட்கும் எந்த ஆய்விலும் இவர்கள் வரமாட்டார்கள்.

பழைய மாணவர்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஆண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமானது. 1990 இல் அந்த வளாகமே அகதி முகாமாக இருந்தது. அந்தக் காலத்தில் படித்தவரிடம் 'கற்றல் வளங்கள் போதுமானவையாக இருந்தனவா' என்று கேட்டால் அவர் சிரிப்பார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 இல்தான் பல்கலைக்கழகமானது. அதன் முதல் தொகுதியினர் கண்ட ஒலுவிலும் இன்றைய ஒலுவிலும் ஒன்றல்ல.

விரிவுரையாளர் ஒருவரை இன்னொரு விரிவுரையாளர் மதிப்பிடுவது நம்பத்தக்கதா?

பாடத்தின் உள்ளடக்கம் காலத்துக்கு ஏற்றதா, வினாத்தாள் தரமானதா என்று மாணவர் சொல்ல முடியாததைச் சகபாடி சொல்வார். மறுபுறம், இன்று நான் உன் வகுப்பில் பின்வரிசையில் இருக்கிறேன், அடுத்த மாதம் நீ என் வகுப்பில் இருப்பாய். ஆகவே எல்லோருக்கும் 'மிக நன்று'. துறைக்கு வெளியே ஒருவரை அமர்த்தினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் கொஞ்சம் குறையும். எப்படியும் ஒரு மணி நேரத்தைத்தான் பார்க்கிறார். இலங்கைத் தகைமைச் சட்டகப்படி ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) 50 மணி நேரக் கற்றலுக்குச் சமன். மூன்று புள்ளிப் பாடம் என்றால் 150 மணி நேரம்; அதில் விரிவுரை வழமையாக 45. மீதி நூற்றைந்து மணி நேரத்துக்கு மாணவருக்கு என்ன வேலை கொடுக்கப்படுகிறது? நான் கண்ட வினாக்கொத்துகளில் மிகச் சிலதான் அதைக் கேட்கின்றன. புதிதாக ஒரு தலைப்பு வேண்டும் என்பவர்கள் அங்கே போய்த் தோண்டலாம்.

தர மதிப்பாய்வுக் குழு வரும்போது இந்தப் படிவங்களைத்தான் பார்க்குமா?

இவற்றையும் பார்க்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015 ஆம் ஆண்டுக் கைந்நூல் பட்டப்படிப்பு நிகழ்ச்சியொன்றை எட்டு அளவைகளில் பார்த்து ஏ முதல் டி வரை தரம் இடுகிறது. கற்பித்தலும் கற்றலும் அந்த எட்டில் ஒன்று. படிவம் சேகரித்தது மட்டும் போதாது, அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்பதற்கும் சான்று கேட்பார்கள். கோப்பு தடிமனாகவும் அந்தப் பக்கம் வெறுமையாகவும் இருக்கும் காட்சியைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

கல்லடியில் நடனமும் சங்கீதமும் கற்பிக்கிறார்கள். அங்கேயும் இதே வினாக்கொத்துப் போதுமா?

போதாது. சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடத்தில் ஆசிரியர் 'விளக்குவது' குறைவு; செய்து காட்டுவார், திருத்துவார். முதல் மாதக் காணொளியையும் கடைசி மாதக் காணொளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த மாணவரைத் தெரியாத கலைஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

என் மேற்பார்வையாளரின் பாடத்தையே ஆராயலாமா?

வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள், அறிக்கையில் விரிவுரையாளரின் பெயரைப் போடாதீர்கள். இரண்டே பேர் உள்ள துறையில் 'ஒரு பெண் சிரேஷ்ட விரிவுரையாளர்' என்று எழுதுவதும் பெயரைப் போடுவதும் ஒன்றுதான்.

ஆய்வு முடிந்த பிறகு நிரப்பிய படிவங்களை என்ன செய்வது?

துறை சொல்லும் காலம் வரை பூட்டிய அலுமாரியில் வைத்திருந்து, பிறகு கிழித்து அழித்துவிடுங்கள். பழைய தாளாக நிறுத்து விற்காதீர்கள். ஒரு மாலை கல்லடிக் கடற்கரையில் கச்சான் வாங்கினேன். தின்று முடித்துச் சுருளை விரித்தால், நிரப்பிய பின்னூட்டப் படிவம். எந்த நிறுவனத்துடையது என்பது என்னோடு இருக்கட்டும். பதினாலாவது கேள்வி, 'எமது கருத்துகள் இரகசியமாகப் பேணப்படும் என நம்புகிறேன்'. நாலை வட்டமிட்டிருந்தார்.